மூட்டைகளுக்கு அடியில் தரை

வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாவை நான் மூட்டை மேல்தான் உட்கார வைத்தேன். வேறு வழியில்லை. நாற்காலி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலி மேல் அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டி மேல் காலி நூல் கோன்கள், கோன்கள் மேல் இன்னும் என்னென்னவோ. மகள் உண்டாகியிருக்கிற சந்தோஷத்தைச் சொல்ல, பூவும் பழமுமாக கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் அந்தம்மா. உட்கார்ந்ததும் மூட்டை மெல்ல உள்வாங்கி, அவர் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கரப்பான் அவருடைய பட்டுச்சேலைக் கரையில் ஏறி, நின்று வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவரோ டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். தம்ளரை வைக்க இடம் தேடினார். இடம் இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டு, "பிரசவத்த நாங்களே பாத்துக்கிடுதோம் மதினி. நீங்க என்னத்துக்குச் சிரமப்படணும்?" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். பிச்சை எடுத்தாவது அதைச் செய்துவிடுவார்கள் எங்கள் பக்கத்தில். எனக்கு இருந்ததே ஒரு மகள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்து, ஒரு பாயில் படுக்க வைத்து, வீங்கின காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரு பாய் விரிக்கிற அளவு தரை வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்து, அவர் கட்டிங்கிலும் நான் செக்கிங்கிலுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். துணியை மேசை நீளத்துக்கு அடுக்கி வெட்டி முடித்த பிறகு, ரோல் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அதை எண்ட் பிட் என்பார்கள். கம்பெனிக்காரர் அதில் கொஞ்சத்தை, பழகின மனிதர் என்று, இவரை எடுத்துக்கொள்ளச் சொல்வார். இவரும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். கேட்டால், "நல்ல துணிட்டி. தூரப்போட மனசு வருமா?" என்பார். துணியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கோன், அட்டைப்பெட்டி, பாலித்தீன் கவர், பல் உடைந்த ஜிப், அச்சு மாறிப்போன லேபிள் ரோல் என்று எல்லாம் வந்தது. ஒரு நாளைக்கு உதவும் என்பார். அந்த ஒரு நாள் எது என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மண்ணரை என்கிற பகுதியில் லைன் வீடு எங்களுக்கு. முன்னறை, பின்னறை, ஓரமாக ஒரு சமையல் மூலை. பின்னறை மகள் படுத்துப் படித்து வளர்ந்த அறை. அவள் கல்யாணமாகிப் போனபின் முதலில் அது நிரம்பியது. பிறகு முன்னறை. கடைசியில் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி ஓர் இடைவெளிதான் மிச்சம். அதில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் காலுக்கு ஒருவர் தலையாகப் படுப்போம். அவர் புரண்டால் நான் எழுந்து உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு ரயில்பெட்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

சம்பந்தியம்மா போன வாரத்தில் மகள் போன் செய்தாள். எங்களிடம் போன் கிடையாது. தெருமுனைக் கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். நான் ஈரக்கையோடு ஓடினேன். "அவுக நல்லாத்தாம்மா பாக்குதாக. அத்தை தட்ட எடுக்கக்கூட விடமாட்டேங்காக. ஆனா எனக்கு நம்ம வீட்டுல படுத்து எந்திரிக்கணும் போல இருக்கும்மா," என்றாள். அதற்கு நான் என்ன சொல்வது? வா என்று சொல்ல முடிகிறதா? "வேளாவேளைக்குச் சாப்பிடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, ஒரு மூட்டையை ஓங்கி உதைத்தேன். மூட்டைக்கு வலிக்கவில்லை, என் கட்டைவிரல்தான் வீங்கியது.

அன்றைக்கு அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே மறித்தேன். "இந்த வீட்ல ஒண்ணு மூட்டை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மூட்டைகளைப் பார்த்தார். அவர் யோசித்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பிள்ள வந்து படுக்க இடம் இல்லைங்க," என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் அங்கேயே நின்றார். "யாரையாவது வரச் சொல்லு," என்றார் கடைசியில்.

செக்கிங்கில் என்னோடு இருந்த பெண் ஒருத்தி ஆள் சொன்னாள். பூட்டிப்போன கம்பெனிகளையும், இப்படி அடைந்து கிடக்கிற வீடுகளையும் காலி செய்து கொடுக்கிற ஒரு கவுண்டரம்மா. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு, தம்பி ஓட்ட, குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். இப்படிப்பட்ட வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். இவர் நேராக ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இண்டர்லாக் துணிங்களாண்ணா? நல்ல சரக்காச்சே!" என்றார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக நான் சொல்லாத வார்த்தையை ஒரு வேற்று மனுஷி வந்து சொல்லிவிட்டாள்.

இருந்தாலும் என் வீட்டுக்காரர் லேசில் விடவில்லை. "ஒண்ணும் குப்பைக்குப் போகக்கூடாது. எரிக்கவும் கூடாது. எது எங்க போகுதுன்னு எனக்குச் சொல்லணும்," என்றார்.

"எரிக்கறதுங்களா? அதையெல்லாம் எரிச்சுப்போட்டு அப்பறம் நான் என்னத்தைத் திங்கறதுங்ணா?" என்றார் அந்தம்மா.

மறுநாளே வாசலில் தார்ப்பாய் விரித்துப் பிரிக்க ஆரம்பித்தோம். வெள்ளை தனி, கலர் தனி. கையால் இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்வது தனி, அது மில் மெஷினில் சுற்றிக்கொள்ளுமாம். ஜிப்பும் பட்டனும் லேபிளும் வெட்டித் தனியாக. லைன் வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, நின்று, பிறகு அவர்களும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டையையும் தூக்கிக் கொடுக்கும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் மாதிரி, "இது எங்க போகும்?" என்று கேட்பார். அந்தம்மாவும் சலிக்காமல் சொல்வார். கலர் பெரும்பாலும் மில்லுக்குப் போய்த் திரும்பப் பஞ்சாகி நூலாகும். வெள்ளை, மெஷின் துடைக்கிற ஒர்க்‌ஷாப்புக்கு. அட்டைப்பெட்டி சந்தைக்காரர்களுக்கு. காலிச் சாக்கைக்கூட விடவில்லை. அதைப் பிரித்துத் தைத்து, பொங்கலூர்ப் பக்கம் கோழிப் பண்ணைக்குச் சாரல் மறைப்பாகக் கட்டுவார்களாம்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் நம்பவில்லை. வாயால் சொல்வது யாருக்கும் எளிது என்பது அவர் கட்சி. பாதி மூட்டையோடு வேலை நின்றுவிட்டது. மீதியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு வளைகாப்பு நாள் கண்முன் வந்து நிற்கிறது, இவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அந்தம்மா, "வண்டில ஏறுங்ணா. நீங்களே வந்து பாருங்கோ," என்றார்.

காலையில் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். சட்டையெல்லாம் கல்லுத்தூசி. கைகூடக் கழுவாமல் பேச ஆரம்பித்துவிட்டார். திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பக் கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார் அந்தம்மா. செதுக்கி முடித்த சாமி சிலைகளை லாரியில் ஏற்றும்போது மூக்கு நுனி, விரல் நுனி உடையாமல் இருக்கத் துணி சுற்றுவார்களாம். "நம்ம நேவி ப்ளூட்டி! நான் வெட்டுன துணி. பிள்ளையாருக்குத் தும்பிக்கையில சுத்தி வச்சிருக்கான். எம்புட்டு பதனமா சுத்தியிருக்கான் தெரியுமா!" என்று தன் கையிலேயே சுற்றிக் காட்டினார். சாப்பிடும்போதும் பேசினார், சாப்பிட்டு முடித்தும் பேசினார். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிள்ளையாருக்கே பனியன் போட்டுவிட்டீர்கள் என்று நான் கிண்டல் செய்தேன், அதற்கும் சிரித்தார்.

அதற்குப் பிறகு தடங்கல் இல்லை. அவரே முன்நின்று தூக்கிக் கொடுத்தார். முன்னறை காலியாகிப் பின்னறைக்குள் போனோம். பனியன் கம்பெனியில் இருக்கிறவர்களுக்குத் தேதி நினைவிருக்காது, ஆர்டர்தான் நினைவிருக்கும். மேலேயிருந்து ஒவ்வொரு மூட்டையாக இறங்க இறங்க, "இது மழையில மிஷின் ரூம்ல தண்ணி ஏறுச்சே, அந்த மெரூன் ஆர்டர்," "இது உனக்கு டைஃபாய்டு வந்தப்ப ஓடுன பச்சை," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வருஷங்கள் கலர் கலராகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. நானும் என்னையறியாமல் அடுத்தது என்ன கலர் என்று எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

கடைசி வரிசை சுவர் மூலையில் இருந்தது. மகள் பாய் விரிக்கிற மூலை. அந்தம்மா அடிமூட்டையின் வாயை அவிழ்த்தார். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சின்னப் பிள்ளைகள் துணி.

"இது எப்ப ஓடுனதுங்ணா?"

அவர் மூட்டையின் காதைப் பிடித்தபடி நின்றார். அந்தம்மா மறுபடி கேட்கவும், "பாப்பா கல்யாணம் முடிஞ்ச வாரம்," என்றார்.

அவளை அனுப்பிவிட்டு வந்த மறுநாளே இந்த மனிதர் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து, இப்படியும் ஒரு கல்மனசு உண்டா என்று நாள் முழுக்க அழுதேன். அந்த மூலையைப் பார்க்க முடியாமல் பின்னறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். அவரும் பார்க்க முடியாமல்தான் இருந்திருக்கிறார். நான் கதவைச் சாத்தினேன், அவர் மூட்டையை வைத்தார். இதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவேயில்லை. அன்றைக்கும் பேசவில்லை. நான் மூட்டையின் இன்னொரு காதைப் பிடித்தேன், இரண்டு பேருமாக வண்டிக்குத் தூக்கிப் போனோம்.

தரை தெரிந்தது. அவளுடைய தகரப்பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். வேகத்தில் பரணில் இருந்த பழந்துணிப் பொட்டலத்தையும் இறக்கி, நைந்துபோன சேலை, வேட்டி ஒன்று விடாமல் அந்தம்மா வண்டியில் போட்டேன். அன்றைக்கு அறை நடுவில் கையையும் காலையும் அகல நீட்டி மல்லாந்து படுத்தேன். எந்தப் பக்கமும் எதுவும் இடிக்கவில்லை. மாப்பிள்ளை வந்து பார்த்தார், சம்பந்தியம்மா வந்து பார்த்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

வளைகாப்பு முடிந்து மகள் வந்துவிட்டாள். பாதி நாள் அந்த மூலையிலேயே பாயில் ஒருக்களித்துக் கிடப்பாள். "என்னம்மா வீடு எதிரொலிக்குது!" என்று சிரித்தாள். காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். கேட்டதெல்லாம் செய்து கொடுத்தேன், கேட்காததையும் செய்தேன். கருவாட்டுக் குழம்பு வாசத்தில் லைனே எட்டிப் பார்த்தது. அவர் வேலையிலிருந்து வெறும் கேரியரோடு வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, பின்னறை நிலையில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தபடி நிற்பார். "என்னப்பா?" என்பாள். "ஒண்ணுமில்ல," என்பார். அந்த நாட்கள் எனக்குப் போதவில்லை. எத்தனை கிடைத்திருந்தாலும் போதியிருக்காது.

வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை. நர்ஸம்மா கதவைத் திறந்து, "பழைய துணி கொண்டாங்கம்மா, சுத்துறதுக்கு. புதுசு வேண்டாம், பிள்ளைக்கு உறுத்தும்," என்றார். பிறந்த குழந்தைக்கு முதல் துணி பழசாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பையைத் திறந்தேன். எல்லாம் புதுசு. துவைக்காத துண்டு, கஞ்சி மொரமொரக்கும் வேட்டி. பழசு வீட்டில்தான் கொட்டிக் கிடக்கிறதே என்ற பழைய நினைப்பில் புதுசாக அள்ளி வந்திருக்கிறேன். வீட்டில் ஒன்றும் இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. நெஞ்சு முட்டத் துணியோடு வாழ்ந்த வீட்டில், பேத்தியைச் சுற்ற ஒரு முழம் பழந்துணி கிடையாது.

அவர் குத்திக்காட்டுவார் என்று திரும்பிப் பார்த்தேன். காட்டியிருந்தால் அதில் நியாயம் இருந்தது. அவரோ தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைகாப்புக்கு எடுத்த டெரிகாட்டன் சட்டை. "இது உதவாதே," என்றார் பரிதாபமாக.

ஆட்டோ பிடித்துக் கவுண்டரம்மாவின் குடோனுக்கு ஓடினேன். எங்கள் பழந்துணியெல்லாம் எப்போதோ சிலைகளுக்குப் போய்விட்டது. விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா அக்கா இப்பிடி ஓடியாறீங்க!" என்று கொடியில் காய்ந்த தன் நூல்சேலையை உருவி, கிழிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்க நாலாகக் கிழித்தார். துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிப் போன சேலை. "என்ற புள்ளைங்க மூணும் இதுலதானுங்க தூங்குச்சு. நல்லா இருக்கட்டும் கண்ணு," என்று அங்கேயிருந்தே பிள்ளையை வாழ்த்தினார். அவர் சேலையில் சுற்றித்தான் என் பேத்தியை முதலில் கையில் வாங்கினேன்.

குழந்தை பின்னறைக்கு வந்தது. சேலையில் தூளி கட்டினோம். வீடு முழுக்கப் பால் வாசமும் சாம்பிராணி வாசமும். அவர் தூளியை ஆட்டுகிற சாக்கில் வேலைக்குப் பிந்திப் போகப் பழகிக்கொண்டார். அழுகைச் சத்தம் கேட்டால் லைனின் அந்தக் கோடியிலிருந்தே ஓடி வருவார். ஐந்தாம் மாதம் நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைக்க வந்தார்கள். வருவார்கள் என்று தெரியும். முறைதான் அது. குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் மை வைத்து, கார் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மகள் கண்ணாடியை இறக்கி, "வாரேம்மா," என்றாள். நீட்டிய கை என் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனது. சம்பந்தியம்மாவும் என் தோளைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். நான் லீவு சொல்லிவிட்டேன். முன்னறையைப் பெருக்கினேன். மறுபடியும் பெருக்கினேன். பின்னறைக்குள் போக முடியவில்லை. தூளிக் கயிறு உத்தரத்திலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டுக் கேட்ட வெறுந்தரை, அங்கே பளபளவென்று கிடந்தது. இருமினால் எதிரொலித்தது. அவள் என்னிடம் இருந்தபோதே தாராளமாக இருந்த இடம், இப்போது இன்னும் பெரிதாகியிருந்தது. எனக்கு அவள் வேண்டும், அவள் பிள்ளை வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க யாருமில்லை.

பொழுது சாய சைக்கிள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேரியரில் ஒரு மூட்டை.

பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விளக்குமாறு கையிலேயே இருந்தது. பட்டதெல்லாம் போதாதா, மறுபடியும் முதலிலிருந்தா என்று கேட்க ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி நேராகப் பின்னறைக்குப் போனார். குழந்தையும் தாயும் படுத்திருந்த இடத்தில் அதை மெல்ல இறக்கி வைத்தார். வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கையை ஊன்றியபடி குனிந்து நின்றார். முதுகு குலுங்கியது.

நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் சுவரோரமா வைங்க," என்றேன். "அவ வந்தா படுக்க இடம் வேணும்."